நான் சிரிக்கவில்லை, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டாய். அதனால்தான் கடிதம். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

அத்தான் இறந்து இரண்டு வருடமாகிறது. அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நீ தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய். நான் குனிந்து முகம் பார்த்தேன். என் வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, கண் மூடிக்கொண்டது. "செத்த மனுசன் முன்னாடி சிரிக்கிறியா? வெளிய போடா!" என்றாய். ஊரே பார்த்தது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தேன்.

அதற்கு ஒரு வருடம் முன்பே கீழ் இமை துடிக்க ஆரம்பித்துவிட்டது. கண் டாக்டர் அசதி என்று சொட்டு மருந்து கொடுத்தார். பிறகு கன்னம், அப்புறம் வாய். இப்போது தூக்கத்திலும் துடிக்கிறதாம், என் மனைவி சொல்கிறாள். தூங்கும்போது நான் யாரை நக்கலடிக்கப்போகிறேன்?

வேலையும் போன மாதிரிதான். டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண் ஒருத்தி நடுத்தெருவில் பிரேக்கை மிதித்து, "உங்க வயசுக்கு இது நல்லாவா இருக்கு?" என்று இறங்கிப்போனாள். நான் கண்ணடித்தேனாம். முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியிலிருந்து எடுத்து, விண்ணப்பம் நிரப்பும் மேசையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டார். பதினெட்டு வருட அனுபவத்துக்கு அந்தச் சுவர்.

போன மாதம்தான் நரம்பு டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "முகத்துக்குப் போற நரம்பு மூளையிலிருந்து கிளம்புற இடத்துல ஒரு ரத்தக்குழாய் அது மேல சாஞ்சு கிடக்கு. அது அடிக்கிற அடியில நரம்போட உறை தேஞ்சுபோச்சு. உறை போன வயர்ல கரண்ட் கசியுற மாதிரிதான். தசை தானா சுண்டுது, உங்க கையில ஒண்ணுமில்ல" என்றார். ஊசி போட்டால் மூன்று நான்கு மாதம் அடங்கும், மறுபடி வரும். அறுவை சிகிச்சை என்றால் காதுக்குப் பின்னால் துளைபோட்டு, குழாயை விலக்கி, நடுவில் சின்ன மெத்தை மாதிரி வைப்பார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. விருந்தாளிகள் எதிரில் அத்தான் என்னைத் தண்டச்சோறு என்றது ஆறு வருடமாக உள்ளே கிடந்தது. ஆனால் சத்தியமாகச் சிரிக்கவில்லை. கார் கற்க வந்த அந்தப் பெண் நேற்று வந்தவள், அவளுக்குத் தெரியாது. நீ என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். என் முகம் சிரிக்கிறதா, துடிக்கிறதா என்று உனக்குமா தெரியாமல் போயிற்று? டாக்டருக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது, அக்கா.

வருகிற புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை. முகம் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆனால் வலது காது கேட்காமல் போக வாய்ப்பிருக்கிறதாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், நானும் கேட்கப்போவதில்லை. முந்தின நாள் செவ்வாய்க்கிழமையே ஆஸ்பத்திரிக்கு வந்தால், கட்டிலுக்கு வலப்பக்கம் உட்கார். திட்டுவதானாலும் அந்தக் காதிலேயே திட்டு. உன் குரலில் கடைசியாக அதில் விழுந்தது "வெளிய போடா" என்று இருக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி