கிரீஸ் வைக்கக்கூடாத பல்லு

அன்புள்ள அத்தாவுக்கு, சிராஜ் சலாம் சொல்லி எழுதுறது. முட்டி வலி எப்படி இருக்கு? ஒர்க்‌ஷாப்புல குத்த வச்சு வேலை பாக்காதீங்க, ஸ்டூல் போட்டுக்கங்க. மாலத்தீவுல நான் நல்லாத்தான் இருக்கேன்.

போன வாரம் ஒரு கூத்து. ஒரு பழைய போட் மோட்டார்ல ஸ்டார்ட்டர் சுத்துது, ஆனா அதோட சின்னப் பல்சக்கரம் இஞ்சினைப் பிடிக்காம வழுக்குது. நம்ம வழக்கப்படி கிரீஸை அப்பினேன். கரையில பிடிச்சிருச்சு. கடலுக்குள்ள நிறுத்தினதும் திரும்ப ஸ்டார்ட் ஆகல. பயப்படாதீங்க, அம்புட்டு தூரமில்ல, கரை தெரிஞ்சுச்சு. கயித்தைச் சுத்தி இழுத்து ஸ்டார்ட் பண்ணி வந்துட்டோம்.

பிரிச்சுப் பாத்தா, நான் வச்ச கிரீஸ்லயே உப்பும் தூசியும் ஒட்டி, சக்கரம் முன்னால நகர்ந்து இஞ்சின் பல்லைப் பிடிக்க மாட்டேங்குது. பெட்ரோல்ல கழுவி, காய வச்சு, கிரீஸ் இல்லாமலே மாட்டினேன். ஒரே சுவிட்சுல பிடிச்சிருச்சு! எதுக்கும் கிரீஸுன்னு சொல்வீங்களே, இதுக்கு ஆகாது அத்தா. இப்ப ஸ்டார்ட்டர் வேலை எது வந்தாலும் முதலாளி என்னையத்தான் கூப்பிடுறார்.

கூட வேலை பாக்குற அலீம் அண்ணே லீவுல ஊருக்கு வாரார், அவர்கிட்ட இந்தக் கடுதாசியைக் குடுத்து விடுறேன். அவர் திரும்பி வாரப்ப உங்க பழைய பத்தாம் நம்பர் ஸ்பானரை அவர்கிட்டயே குடுத்து விடுங்க. இங்கயும் கிடைக்குது, ஆனா உங்க கை பட்டுத் தேஞ்சதுதான் வேணும்.

அண்ணே பையைத் தூக்கிட்டார். உங்க ஸ்கூட்டர் கிக்கர் வழுக்குதுன்னு தங்கச்சி ஷாஹீதா சொன்னா. ஜனவரியில வாரேன். அதுவரைக்கும் அதை யாரையும் பிரிக்க விடாதீங்க. நீங்களும் கிரீஸ் வச்சிராதீங்க.

சிராஜ்