112ஆம் எண்ணில் நெய்கிறவர்

செப். 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். நெசவாளர் சங்கத்து மின்விசிறி சுற்றுகிறது, காற்று இல்லை. வேலை: உறுப்பினர் பட்டியலையும் சேலை வரவுப் பதிவையும் பாண்டாஸ் என்ற பைத்தான் கருவியில் மெர்ஜ் செய்து ஒன்றாக்குவது. இரண்டுக்கும் பொது உறுப்பினர் எண். பிறகு பிவட் டேபிள். இடப்பக்கம் நெசவாளர், மேலே மாதம், கட்டத்தில் எத்தனை சேலை.

எண் 112, ஏழுமலை. பட்டியலின் இறப்புத் தேதிப்படி ஏப்ரலில் இறந்தவர். மே: மூன்று சேலை. ஜூன்: மூன்று. ஜூலை: நான்கு.

எண் இரட்டிப்பா? இல்லை. மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதே வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

அந்த வரிசைக்குச் சிவப்படித்து, 'போலி' என்று எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். திருடனைப் பிடித்த பெருமை வேறு.

"செத்தவன் உன்னவிட ஜல்தியா வேலை செய்றான்பா" என்று சிரித்தார்.

செப். 10, புதன்

சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும்.

மதியம் தறிக்குப் பாவு நூல் வாங்க ஒரு அம்மா. ஏழுமலையின் மனைவி, செல்வி. நீட்டிய உறுப்பினர் அட்டையில் கணவர் படம்.

"112 நிறுத்தியாச்சி. பாவு கிடையாது" என்றார் குமாஸ்தா.

"இன்னாங்க இது, தறி சும்மா கெடக்குது."

"செத்தவருக்கு எப்டிமா பாவு குடுக்கறது?"

"உசுரோட இருந்தப்போ மட்டும் அவரா நெய்தாரு? கை நடுக்கம் வந்து மூணு வருசம். நான்தான் நெய்துகினு இருக்கேன். அட்டைய என் பேருக்கு மாத்தச் சொல்லி மே மாசமே மனு குடுத்தேனே?"

"அது பெண்டிங்."

கணினித் திரைக்குப் பின்னால் நான். தலை தூக்கவில்லை.

செப். 11, வியாழன்

மழை.

மேனேஜரிடம் கேட்டேன்: உங்களுக்கு இது தெரியாதா?

"ஊருக்கே தெரியும். எல்லா வீட்லயும் அப்டித்தான். நீ எழுத்துல போட்டுட்ட. எழுத்துல வந்தா நான் நிறுத்தியாகணும்."

எங்கள் வீட்டு எண்ணைத் தேடினேன். 87, அப்பா. போன டிசம்பரில் அவருக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. தறி மிதிக்க வழியே இல்லை. டிசம்பர்: மூன்று சேலை. ஜனவரி: மூன்று.

அம்மா. இரண்டு மாதமும் தறியில் அவள்தான். பக்கத்து அறையில் நான் பைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். சத்தமாக இருக்கிறது என்று கதவைச் சாத்தினேன். தைலம் கேட்டாள். மறந்துபோனேன்.

பட்டியல் முழுக்க ஆண் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ மிதிக்கிறார்கள். சங்கத்தில் ஒரு தறிகூடக் கிடையாது. எனக்குச் சத்தம் கேட்கிறது.

செப். 12, வெள்ளி

87ஐயும் சிவப்படித்தேன். அதே சொல்: போலி. அச்செடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"பெத்த அப்பனையே போலின்றியா? பைத்தியமா உனக்கு?"

"112 போலின்னா 87உம் போலிதான் சார். உங்க வீட்டு எண் சொல்லுங்க, அதையும் பார்த்துடலாம்."

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தம்மாவுக்குப் பாவு குடுக்கச் சொல்றேன். பேரு ஏழுமலையே இருக்கட்டும். நீ அந்தச் செத்த தேதியத் தூக்கிடு. பேஜார் பண்ணாத."

"செல்வின்னு போட்டா?"

"அப்போ பாவு இல்ல."

மூன்று மணிக்குச் செல்வி வந்து பாவு வாங்கிப்போனார். கையெழுத்து இடத்தில் கணவர் பெயரை எழுதினார். பழகிய கை, தயங்கவே இல்லை.

இறப்புத் தேதி நெடுவரிசையை நீக்கினேன். மறுபடி மெர்ஜ். மறுபடி பிவட். பிழை ஒன்றும் காட்டவில்லை.

ஏழுமலை இந்த மாதமும் நெய்வார்.