டேங்க் மூடிக்கு அடியில் வைத்த பாலிதீன்

செவ்வந்தி,

சோறு வடித்துவிட்டேன். பதினோரு மணி பஸ்ஸில் தங்கசாமி மச்சான் வருகிறார். உன் அண்ணனை வாசலோடு அனுப்பிவிடாதே. உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடு.

உன் அய்யாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அம்பாசிடர் வழியில் மூன்று முறை நின்றதற்கு, மச்சான் ஊற்றிய பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்ததுதான் காரணம் என்று நான்தான் சொன்னேன். அதை நம்பி, காரியத்தன்றுகூட நீ அவரோடு பேசவில்லை.

அவர் மேல் தப்பில்லை. நைட் ஷிஃப்டை விட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. இன்று விடிந்ததும் பம்பு, கார்புரேட்டர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. ஓட்டிப் பார்த்தேன். தேவிபட்டினம் போவதற்குள் நின்றுவிட்டது. டேங்க் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பிறகு ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. உப்புக்காற்று இறங்கித் துருப்பிடிக்கக் கூடாதென்று மூடிக்கு அடியில் பாலிதீன் வைத்து இறுக்கியது நான். டேங்குக்குள் காற்று போக வழியில்லாமல் பெட்ரோல் இன்ஜினுக்கு வரவில்லை.

அன்று நான் பானெட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். பின்சீட்டிலிருந்து அய்யா, “மெதுவாப் பாருங்க மாப்ள, நான் எங்கன ஓடப் போறேன்” என்றார்.

கார் சாவி அலமாரி மேல் இருக்கிறது. மச்சானிடம் கொடுத்துவிடு. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது.

வேல்சாமி

குழம்பைச் சுடவைத்துக்கொள்.

இன்னொன்று. அரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதையும் உன்னிடம் மறைத்தேன்.