மஞ்சள் ஒயினும் ஓதீலின் மூக்கும்

வெர்னோவா,
9 ஜனவரி 1984

மதிப்புக்குரிய அன்செல்ம் அவர்களுக்கு,

இங்கே நலம். மலை மேலே உங்களுக்கும் நலம் என்று நம்புகிறேன். நாலு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது மட்டும் எதற்கு எழுதுகிறாள் என்று முகத்தைச் சுளிப்பீர்கள். தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள், நான் வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி புனித வின்சென்ட் திருநாள். பூசை முடிந்ததும் மதிய விருந்து இந்த முறை எங்கள் வீட்டில். ஜெனீவாவிலிருந்து ஒயின் வியாபாரி துரோஷே வருகிறார். 77-ஆம் வருஷத்து மஞ்சள் ஒயின் இந்த மாதம்தான் பீப்பாயிலிருந்து வெளியே வருகிறது. எந்த ஒயினுக்கு எந்தச் சீஸ் என்று நான் ஜோடி சேர்த்துக் காட்ட வேண்டும். மனசுக்குப் பிடித்தால் மொத்தத்தையும் அவரே எடுத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் அடுத்த அறுவடைக்கு ஆள் வைக்க வழியில்லை.

ஆகவே உங்கள் கிடங்கிலிருந்து மூன்று வயதுச் சீஸ் வேண்டும்: எட்டு மாசம், ஒன்றரை வருஷம், மூன்று வருஷம். ஒவ்வொரு துண்டிலும் அதன் வயதை எழுதிச் சீட்டு ஒட்டி அனுப்பவும். மறக்க வேண்டாம்.

மரியேத் சௌக்கியம். கொடி கவாத்து செய்து செய்து குளிரில் கையெல்லாம் வெடித்திருக்கிறது, களிம்பு போடச் சொன்னால் கேட்பதில்லை. உங்கள் பெண்ணாயிற்றே. உங்கள் பூட்ஸ் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓதீல்


லா ப்ரெத்,
12 ஜனவரி 1984

அன்புள்ள ஓதீலுக்கு,

"மதிப்புக்குரிய", "அவர்களுக்கு". நான் என்ன நோட்டரியா, பங்குச் சாமியாரா? இருபது வருஷம் ஒரே போர்வையை இழுத்துப் பிடித்துச் சண்டை போட்டவனுக்கு இப்படியா எழுதுவது. போகட்டும், எழுதினாயே, அதுவே பெரிசு.

சீஸ் எடுத்து வைத்துவிட்டேன். மூன்று வருஷத்துச் சீஸ் சக்கரத்தை நேற்றுச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், உள்ளே ஒரு விரிசல் கிடையாது. சத்தமே சொல்லிவிட்டது.

ஆனால் அந்தச் சீட்டு விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. சீஸுக்குப் பெயர்ச்சீட்டா? உனக்கா? கண்ணைக் கட்டிவிட்டு ஒரு துணுக்கை நீட்டினால், எந்தப் புல்வெளியில் மேய்ந்த மாட்டின் பால் என்று சொல்லுகிறவள் நீ. துரோஷேவுக்காக என்று கதை விடாதே. அவர் படிப்பதற்கென்றால் நீயே அழகாக எழுதி வைப்பாய்.

உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஒரு மதியம் காடிக் கிண்ணத்தை எடுத்து, ஒயின் என்று நினைத்து முழுசாகக் குடித்தார், ஞாபகம் இருக்கிறதா? "இந்த வருஷம் கொஞ்சம் புளிப்பு ஜாஸ்தி"ன்னார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த வருஷம் வலது கை ஆட ஆரம்பித்தது. எழுத்து எறும்பு மாதிரி சுருங்கிப்போய், பீப்பாய் மேல் அவர் எழுதின வருஷத்தை நான்தான் குனிந்து குனிந்து படித்தேன். கடைசியில் சட்டைப் பொத்தானும் நான்தான் போட்டுவிட்டேன். அவர் போன பாதை எனக்கு நன்றாகத் தெரியும்.

சீட்டு எதற்கு? ஒளிக்காமல் எழுது.

அன்செல்ம்


வெர்னோவா,
15 ஜனவரி 1984

அன்செல்ம்,

நீ கேட்டுவிட்டாய். வேறு யாராவது கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன்.

எனக்கு வாசனை தெரியவில்லை. அறுவடை முடிந்த பிறகு, அக்டோபரில் தொடங்கியது. ஜலதோஷம் என்று நினைத்தேன். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கிக் கருகிப் புகை மண்டியிருக்கிறது, நான் பக்கத்திலேயே நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மரியேத் ஓடிவந்தாள். "அம்மா, பால் கருகுது, உனக்குத் தெரியலையா?" "ஏதோ யோசனைல இருந்துட்டேன்டி" என்று சமாளித்தேன். அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கையை நீட்டிப் பார்க்கிறேன், ஆடுகிறதா என்று.

பயமாக இருக்கிறது அன்செல்ம். அப்பாவுக்கும் முதலில் மூக்குதானே போனது, அவர் மாதிரி ஆகிவிடுவேனோ என்று ஒரு பயம். நிலவறையைப் பாழாக்கிவிடுவேனோ என்று இன்னொன்று. மற்ற ஊர்க்காரர்கள் பீப்பாய் குறைந்தால் ஊற்றி நிரப்புவார்கள். நாம் ஆறு வருஷம் தொடாமல், மேலே ஏடு படிய விட்டுவிடுகிறோம். குளிரில் இரண்டு தடவை, கோடையில் ஒரு தடவை மோந்து பார்த்து, காடிப் பக்கம் சாய்கிற பீப்பாயைக் காலாகாலத்தில் வெளியே எடுக்க வேண்டும். மூக்கு இல்லாவிட்டால் நான் அங்கே இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? மரியேத்தை முதலில் மோக்கச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறேன். மூக்கைச் சுருக்கினால் "ம், இது சரியில்லை" என்கிறேன். முகம் மலர்ந்தால் "அக்ரூட் வாசனை வருது பார்" என்கிறேன். சொந்தப் பெண்ணிடமே திருட்டுத்தனம்.

விருந்துக்கு நீயும் வா. என் எதிரில் உட்கார். ஒயின் நன்றாக இருந்தால் கத்தியைத் தட்டுக்கு வலது பக்கம் வை, கெட்டிருந்தால் இடது பக்கம். மரியேத்துக்கு இதெல்லாம் தெரியக் கூடாது. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஓதீல்


லா ப்ரெத்,
17 ஜனவரி 1984

ஓதீல்,

உன் கடிதத்தைக் கிடங்கிலேயே நின்று படித்தேன். அன்றைக்குத் தட்டவேண்டிய சக்கரங்களை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வருகிறேன். ஆனால் கத்தி வேலை என்னால் ஆகாது. நாலு வருஷத்துக்கு முன் இதே திருநாள் விருந்தில், இதே துரோஷே எதிரில், "உனக்கு மூக்கே கிடையாது அன்செல்ம், நீ சத்தம் கேட்கப் போ"ன்னு நீதான் சொன்னாய். நான் போய்விட்டேன். கோபத்தில் சொன்னாலும் பொய் சொல்லவில்லை நீ. சுமாரான ஒயினும் நல்ல ஒயினும் எனக்கு ஒன்றுதான். என் கத்தியை நம்பினால் நீ தொலைந்தாய்.

எனக்குத் தெரிந்தது நாக்கும் பல்லும். அதைச் சொல்கிறேன், பிடித்துக்கொள். எட்டு மாசத்துச் சீஸ் பால்குடிப் பிள்ளை, மஞ்சள் ஒயின் அதை விழுங்கிவிடும். அதற்குச் சிவப்பைக் கொடு. ஒன்றரை வருஷத்துக்கு 77. மூன்று வருஷத்தில் உப்பு மணி பல்லில் நறநறக்கும், அதன் பக்கத்தில் 67-ஆம் வருஷத்து மஞ்சளை வை. 49-க்கு எதுவும் வேண்டாம், அக்ரூட் பருப்பு போதும். வைக்கோல் மேல் காயவைத்த பழத்து இனிப்பு ஒயினைக் கடைசியில் கொடு, அதற்குள் எல்லார் நாக்கும் அசந்துபோயிருக்கும்.

மரியேத்திடம் சொல்லிவிடு. பெசான்சோனில் பெரிய டாக்டர் இருக்கிறார், அவரிடம் காட்டலாம். உன் அப்பா கடைசிவரை "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிச் சொல்லியே நம்மைக் கொன்றார்.

அன்செல்ம்


வெர்னோவா,
24 ஜனவரி 1984

அன்புள்ள அன்செல்முக்கு,

தப்பித்தேன். நீதான் பார்த்தாயே. சொல்லாமல் கொள்ளாமல் பால் லாரியில் ஏறிப் போய்விட்டாய், ஒரு காபி குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

துரோஷேயின் மருமகன் "வெள்ளைதானே முதல்ல?"ன்னு கேட்டானே, அதற்கு மரியேத் "எங்க ஊர்ல சிவப்பு தங்கச்சி, வெள்ளைதான் அக்கா. சின்னவளுக்குத்தான் முதல் பந்தி"ன்னு ஒரு போடு போட்டாளே, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கோழியும் காளானும் சாப்பிட்டு முடிக்கிறவரை கை மடிக்குள்தான் இருந்தது.

67-ஐத் திறந்தேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். தண்ணீர் மாதிரி, ஒன்றுமே இல்லை. நிமிர்ந்தேன். மரியேத் மூக்கைச் சுருக்கியிருந்தாள். "இந்த பாட்டில் தக்கை கெட்டுப்போச்சு, வேற எடுத்துட்டு வாடி"ன்னேன். அடுத்த பாட்டிலுக்கு அவள் முகம் மலர்ந்தது, ஊற்றினேன். "வாயில வைக்காமலே கண்டுபிடிச்சுட்டீங்க, மதாம். இந்த மூக்கு இருக்கிறவரை எனக்குக் கவலையில்ல"ன்னு துரோஷே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். 77 மொத்தமும் அவருக்குத்தான்.

நீ சொன்ன ஜோடிகள் எல்லாம் பேசின. நன்றி. மரியேத்திடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன். கோடை வரட்டும்.

ஓதீல்


லா ப்ரெத்,
27 ஜனவரி 1984

அன்புள்ள ஓதீலுக்கு,

காபி குடிக்க உட்கார்ந்திருந்தால் உளறியிருப்பேன். அதனால்தான் லாரி ஏறினேன். ஆனால் இங்கே வந்தும் அது என்னை விடவில்லை.

நீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் மரியேத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 67 வந்ததும் அவள் ஒரே ஒரு தடவைதான் மோந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, கல் மாதிரி. நீ எப்போது நிமிர்வாய் என்று காத்திருந்தாள். நீ பார்த்த பிறகுதான் மூக்கைச் சுருக்கினாள், கைக்குழந்தைக்கு "கசக்கும்டா" என்று காட்டுகிற மாதிரி, கொஞ்சம் அதிகமாகவே. அடுத்த பாட்டிலுக்கும் அப்படித்தான். நீ அவள் முகத்தைத் திருடவில்லை ஓதீல். அவள் உனக்காகக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

தட்டு கழுவும்போது கேட்டுவிட்டேன். "எப்பலேர்ந்து தெரியும்?"

"பால் கருகின அன்னிக்கே தெரியும்ப்பா."

"ஏன் கேக்கல?"

"கேட்டா அம்மாவுக்குத் தாத்தா ஞாபகம் வந்துடும். பயந்துடுவா." இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்தாள். பிறகு, "எனக்கும் பயமா இருக்குப்பா. தாத்தா, அப்புறம் அம்மா. நான் தினமும் காலைல காபிப் பொடி டப்பாவைத் திறந்து மோந்து பாக்கறேன், வாசனை வருதான்னு" என்றாள்.

உன்னிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள். நீ அவளிடம் சொல்லாதே என்றாய். ரெண்டு பேருக்கும் நடுவில் நான் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருக்க முடியாது. நீ காலையில் கையை நீட்டிப் பார்க்கிற அதே நேரம் அவள் அடுத்த அறையில் டப்பாவைத் திறக்கிறாள். கோடை வரை காத்திருக்காதே.

அன்செல்ம்


வெர்னோவா,
8 பிப்ரவரி 1984

அன்புள்ள அன்செல்ம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். அவள்மேலும் கோபம். அப்புறம் அது வடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது பயம்தான்.

நேற்று 78-ஆம் வருஷத்துப் பீப்பாய்களை மோந்து பார்க்கும் நாள். மரியேத் கிளாஸில் எடுத்தாள். இந்த முறை நான் அவள் முகத்தைப் பார்க்காமல், திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். "அம்மா, திரும்பு"ன்னாள். நான் திரும்பவில்லை. "வாயால சொல்லுடி"ன்னேன். கடைசியில், "இது நல்லாருக்கும்மா"ன்னாள். அடுத்த பீப்பாய், "இதுவும்." கதவோரத்துப் பீப்பாய்க்கு வந்தபோது அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். "இது காடியாயிடுச்சும்மா. நவம்பர்லயே லேசா இருந்துச்சு. நீ நல்லாருக்குன்னே. நான் உன்னை மறுத்துப் பேசல."

நான் அவள் முகத்தைச் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு பீப்பாய் போய்விட்டது. அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து ரெண்டு பேரும் அழுதோம். இனி நிலவறையில் அவள் சொல்வதுதான் முடிவு. துரோஷேவுக்கும் உண்மையை எழுதிவிட்டேன், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும்.

டாக்டர் இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மரியேத்திடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கை ஆடவில்லை, தினமும் பார்க்கிறேன். ஆனால் என் எழுத்து எப்படி இருக்கிறது? என் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது. அப்பா கண்ணுக்கும் சரியாகத்தான் தெரிந்தது. உன்னிடம் என் பழைய கடிதம் ஏதாவது இருந்தால் இதன் பக்கத்தில் வைத்துப் பார். பூசி மெழுகாமல் எழுது.

உன்
ஓதீல்


லா ப்ரெத்,
11 பிப்ரவரி 1984

என் ஓதீலுக்கு,

பழைய கடிதம் ஒன்றுதான் இருக்கிறது. நான் வீட்டைவிட்டு வந்த வாரம், "உங்கள் பூட்ஸை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று நீ எழுதியது. அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் மேசைமேல் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

சின்னதாகியிருக்கிறது. வரி ஆரம்பத்தில் அவ்வளவு தெரியவில்லை, முடிவுக்கு வரவர சுருங்குகிறது. குளிரா, அழுகையா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்லட்டும். பொய் எழுத வாய்ப்பு இருந்தது, நீதான் கேட்டுவிட்டாய்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நேற்று எழுதிக் கிழித்தது இரண்டு தாள்.

கிடங்கில் சொல்லிவிட்டேன், வேறு ஆள் தட்டிக்கொள்வான். அடுத்த சனிக்கிழமை பால் லாரியில் கீழே வருகிறேன். பெசான்சோனுக்கு மூன்று பேரும் போகலாம். காபிப் பொடி டப்பாவை மரியேத் மோக்கும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று அவளிடம் சொல். எனக்கு அப்போதும் மூக்கு இல்லை, அதனால் எனக்கு ஒன்றும் போய்விடாது.

பூட்ஸை நகர்த்தாதே.

அன்செல்ம்