தடுப்பாட்டத்துக்கு நாலு

ஜனவரி 11, 2011, செவ்வாய்

பனிக்குள்ளிருந்து காரைத் தோண்டி எடுப்பதற்குள் முதுகு போய்விட்டது. கல்லூரிக்குப் போனால் கோச் ஸ்டக்கி இரண்டு பெயர் எழுதிய காகிதத்தை நீட்டினார். எங்கள் கூடைப்பந்து அணியின் பாயின்ட் கார்டு மே மாதம் படிப்பை முடித்துக்கொண்டு போகிறாள். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்த ஒருத்தி வேண்டும். முழு உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம்.

"மாசக் கடைசிக்குள்ள ஒரு பேரச் சொல்லிடு ரோண்டா. நீ சொல்றவதான்."

பதினோரு வருடமாக உதவிக் கோச். முழுசாக என் கையில் விட்டது இதுதான் முதல் தடவை. மதியம் சூப்பைக்கூட நின்றுகொண்டே குடித்தேன், அவ்வளவு பெருமை.

முதல் பெயர் கேம்ரின் ஸ்டோல், வடக்கே பெரிய பள்ளி. இரண்டாவது ஜோலீன் பர்கெட். ஹார்லன் க்ரீக் பெண். என் ஊர், என் பள்ளி. அவளுக்குக் கோச், என்னோடு நாலு வருடம் ஒரே அணியில் ஆடிய டெனிஸ். ஆகவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஊர்ப்பாசம் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது.

வழக்கம்போல மூன்று கட்டம்: புள்ளி எடுப்பது, பாஸ், தடுப்பாட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்து.

ஜனவரி 13

கேம்ரினின் நாலு டிஸ்க்கும் பார்த்தாயிற்று. ஆட்டத்துக்கு இருபத்துநாலு புள்ளி. இடது கையாலும் போடுகிறாள். பாஸ் சுமார்தான், கூடையைப் பார்த்துவிட்டால் மற்ற நாலு பேரை மறந்துவிடுகிறாள். எதிராளி கையிலிருந்து ஆட்டத்துக்கு மூன்று பந்து பிடுங்குகிறாள். 9, 6, 7. மொத்தம் 22.

ஜனவரி 15, சனி

டெனிஸ் போன் செய்தாள்.

"எங்க ஜோலீனப் பாக்கப் போறியாம்ல?"

"டிஸ்க் வந்துருக்குடி. பாக்கறேன்."

"டிஸ்க்கத் தூக்கிக் குப்பையில போடு. நேர்ல வா. செவ்வாக்கெழம ஆட்டம் இருக்கு."

"பனியப் பாத்தியா நீ?"

"ரெண்டரை மணி நேரம்டி ரோண்டா. வட துருவத்துக்கா கூப்புடறேன்?"

பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். பனி ஒரு சாக்கு. அந்தப் பள்ளி நடையில் என் படம் மாட்டியிருக்கிறது, 1990இல் நாங்கள் ஜெயித்த வருடம் எடுத்தது. அதன் அடியில் நின்றுகொண்டு ஊர்க்காரர்கள் "இன்னும் உதவிக் கோச்தானா?" என்று கேட்பார்கள். போன முறை மூன்று பேர் கேட்டார்கள். இதைவிடப் பனியில் சறுக்கி விழலாம்.

ஜனவரி 18, செவ்வாய்

போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஜோலீனின் டிஸ்க்குகளைப் பார்த்தேன்.

படம் எடுப்பது யாரோ ஒரு பெண்ணின் அப்பா. பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூடக் கேட்கிறது. பந்து போகிற பக்கமெல்லாம் கேமராவும் போகிறது.

ஆட்டத்துக்கு எட்டுப் புள்ளி, அவ்வளவுதான். ஐந்து தடவைதான் கூடைக்குப் போடுகிறாள். போட்டால் பெரும்பாலும் விழுகிறது, ஆனால் போட வேண்டுமே. 4.

பாஸ் நன்றாக இருக்கிறது. இவள் கொடுத்ததைக் கூட ஆடுகிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். சில சமயம் இவள் ஒருத்திக்குக் கொடுக்க, அவள் இன்னொருத்திக்குக் கொடுக்க, மூன்றாமவள் போடுகிறாள். கணக்கில் நடுவில் இருந்தவள் பெயர்தான் ஏறும். தாளில் இவள் பெயரில் இருப்பது ஆட்டத்துக்கு ஐந்து. 7 போட்டேன்.

தடுப்பாட்டம்தான் புரியவில்லை. பாதி நேரம் ஆளே படத்தில் இல்லை. பந்து ஒரு பக்கம், இவள் எங்கோ மறுபக்கம். ஓர் ஆட்டத்தில் இவள் காக்கும், அதாவது ஒட்டி நின்று தடுக்க வேண்டிய, எதிரணிப் பெண் பன்னிரண்டாம் எண். அவள் கையில் பந்து வந்ததையே நான் எண்ணி ஐந்து தடவைதான் பார்த்தேன். சரி, விஷயம் இதுதான்: தடுக்கத் தெரியாத பெண்ணை, எதிரணியில் ஒன்றுக்கும் உதவாதவளிடம் நிறுத்தி ஒளித்துவைப்பது. நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். டெனிஸ் இவளை ஒளித்துவைக்கிறாள். என் கண்ணை மறைக்க முடியுமா?

4. மொத்தம் 15.

ஜனவரி 21

ஸ்டக்கியிடம் தாளைக் கொடுத்தேன். மேலும் கீழும் பார்த்தார்.

"உன் ஊர்ப் பொண்ணுக்குப் பதினஞ்சா? நீ கூட்டிப் போடுவன்னு நெனச்சேன். உன்ன நம்பலாம் ரோண்டா."

நாள் முழுக்க அந்த வார்த்தை காதில் இருந்தது. கேம்ரின் வீட்டுக்கு அவரே பேசிவிட்டார்.

ஜனவரி 22

டெனிஸிடம் சொன்னேன். கேட்டதால் மூன்று எண்ணையும் சொன்னேன்.

"தடுப்புக்கு நாலா?"

"நீ அவள ஒளிச்சுவைக்கிறது தெரியுதுடி. தப்பா எடுத்துக்காத, நானா இருந்தாலும் அதான் செய்வேன்."



"சரிடி. ரோடு வழுக்கும், பாத்து ஓட்டு," என்று வைத்துவிட்டாள். நான் எங்கும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன்.

பிப்ரவரி 2

கேம்ரின் சம்மதம் சொல்லிவிட்டாள். அவள் பள்ளியில் எங்கள் கல்லூரி நிறத்தில் கேக் வெட்டினார்களாம்.

பிப்ரவரி 12, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஹார்லன் க்ரீக் ஆடும் வட்டாரச் சுற்று இறுதி ஆட்டம், அதன் பக்கத்து ஊரில். எதிரணியில் ஓர் உயரமான பெண்ணை அடுத்த வருடத்துக்காகப் பார்த்துவரும்படி ஸ்டக்கி அனுப்பியிருந்தார். மேல் வரிசையில்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் தளம் முழுவதும் தெரிகிறது. கேமரா இல்லை, என் கண் போனபடி போகலாம்.

அதே பன்னிரண்டாம் எண். அவளைக் காப்பது ஜோலீன்.

பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது பார்த்தேன். ஜோலீன் பந்தைப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டின் நெஞ்சுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு கையை நீட்டிக்கொண்டு, அவள் ஓடினால் ஓடி, நின்றால் நின்று. பன்னிரண்டு வலப்பக்கம் வெட்டினால் அங்கே ஜோலீனின் தோள். திரும்பி வந்தால் அங்கே அவள் கை. பாஸ் கொடுக்க வேண்டியவள் பந்தைத் தூக்குகிறாள், பார்க்கிறாள், வேறு பக்கம் கொடுத்துவிடுகிறாள். மறுபடி. மறுபடி.

பக்கத்தில் தீவனக் கடைத் தொப்பி போட்ட ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டார். எதிரூர்க்காரர்.

"எங்க பன்னெண்டப் பாருங்கம்மா, பாவம். மத்த எல்லா ஊர்லயும் ஆட்டத்துக்கு இருபத்திரண்டு எடுக்குறவ. பெரிய யுனிவர்சிட்டில இப்பவே எடம் குடுத்துட்டான். இந்த பர்கெட் பொண்ணு வந்தா மட்டும் சனி புடிச்ச மாதிரிதான். டிசம்பர்லயும் இப்படித்தான். நாலே புள்ளி."

டிசம்பர். அந்த டிஸ்க்தான். நான் ஐந்து தடவை எண்ணின டிஸ்க்.

டெனிஸ் ஒளிச்சுவைக்கல. மாவட்டத்துலயே பெரிய ஆட்டக்காரிய அவகிட்ட ஒப்படைச்சிருக்கா. அவளும் அந்தப் பன்னெண்டுக்குப் பந்தே வராதபடி பாத்துக்கிட்டா, அதனால கேமரா அங்க போகல, அதனால நான்... பன்னெண்டு யாருன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? பேர்ப் பட்டியல் டிஸ்க்கோட உறையிலதான் இருந்துச்சு. இத்தன வருஷமா இந்த வேலை பாக்கறேன். வெக்கமா இருக்கு.

பன்னிரண்டாம் எண் இன்று எடுத்தது ஆறு புள்ளி. ஹார்லன் க்ரீக் ஒரு புள்ளியில் ஜெயித்தது. அந்த உயரமான பெண்ணைப் பற்றி ஸ்டக்கியிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வெளியே போகும்போது ஜோலீன் எதிரில் வந்துவிட்டாள். தலை நனைந்து, முழங்காலில் ஐஸ் பை கட்டிக்கொண்டு.

"ரோண்டா கோச்தானே? நடையில உங்க போட்டோவ தெனம் பாப்பேன். என் டிஸ்க் நாலையும் உக்காந்து பாத்தீங்களாம், டெனிஸ் கோச் சொன்னாங்க. தேங்க்ஸ்."

நல்லா ஆடின என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 14

ஸ்டக்கியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"வாக்குக் குடுத்தாச்சு. அந்தப் பொண்ணு கேக் வெட்டிட்டா. இவளவிட இன்னொருத்தி தேவலன்னு வாக்க மாத்தற ஆள் நான் இல்ல. நீயும் இல்ல."

"தெரியும் கோச்."

"பெறகு எதுக்குச் சொன்ன?"

"யார்கிட்டயாவது சொல்லணும்ல."

உதவித்தொகை இல்லாமல் சும்மா வந்து சேரலாமே என்று டெனிஸிடம் கேட்டுப் பார்த்தேன். ஜோலீனின் அப்பா தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறார், அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். "முடியாதுடி," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 9

ஜோலீனுக்காக இதுவரை ஏழு கல்லூரிகளுக்குப் பேசியாயிற்று. பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

"எத்தனை புள்ளி எடுக்கிறா?"

"எட்டு. ஆனா—"

"டிஸ்க் அனுப்பு."

"டிஸ்க்ல தெரியாது. நேர்ல வந்து பாருங்க."

"ரோண்டா, வெளியில பனியப் பாத்தியா?"



மார்ச் 24

ஒன்பது. இல்லை என்று ஒன்பது.

ஏப்ரல் 13

கேம்ரின் கையெழுத்துப் போட்டாள். படத்தில் நானும் நிற்கிறேன், சிரித்துக்கொண்டு.

ஜூன் 18, சனி

டெனிஸ் வீட்டுக்குப் போனேன். கடைசியில் ஹார்லன் க்ரீக்வரை அந்த ரெண்டரை மணி நேரத்தை ஓட்டினேன், சாலை காய்ந்து கிடக்கும்போது. பன்றி இறைச்சி சாண்ட்விச் செய்திருந்தாள், ரொட்டியைவிட இறைச்சி பெரிசு, பழைய மாதிரியே.

ஜோலீன் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். சாயங்கால வகுப்புக்குப் போகப்போகிறாளாம். அந்தக் கல்லூரியில் அணி கிடையாது.

"பன்னெண்டாம் நம்பர் யாருன்னு அன்னிக்கே போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீ?" என்றேன். குற்றத்தில் பாதியை அவளிடம் தள்ளப் பார்க்கிறேன் என்று கேட்கும்போதே தெரிந்தது.

"வந்து பாருன்னு சொன்னேன். அதுக்கு மேல என்ன சொல்றது? எம் பொண்ணு நல்லவன்னு எந்தக் கோச்தான் சொல்ல மாட்டா?" அப்புறம், "ஒண்ணு கேக்கறேன். தொண்ணூறுல ஃபைனல்ல நீ எத்தன புள்ளி?"

"முப்பத்தொண்ணு."

"அவங்க பாயின்ட் கார்டு ஒருத்தி இருந்தாளே, செவப்பு முடிக்காரி. மாநிலத்துலயே பெரிய ஆளு. அவ எத்தன?"

யோசித்தேன். அவள் அன்று ஆடினாளா என்பதே நினைவில்லை.

"அதான்," என்று சாண்ட்விச்சை என் பக்கம் தள்ளினாள்.

அந்தச் சிவப்பு முடிக்காரியைக் காத்தது டெனிஸ். அதனால்தான் எனக்குப் புள்ளி எடுக்க மூச்சு மிச்சம் இருந்தது. இருபத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவளிடம் இதைச் சொன்னதில்லை. இன்றும் சொல்ல வரவில்லை. தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 22

கேம்ரின் பத்தொன்பது புள்ளி. அவள் காத்தவள் இருபத்தாறு. தோற்றோம். நல்ல பெண், ஆட்டம் முடிந்ததும் பந்துகளைப் பொறுக்கி வைக்க முதலில் வருவது அவள்தான். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஸ்டக்கி என்னைப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினார்.

டிசம்பர் 28, புதன்

ஹார்லன் க்ரீக்கில் பழைய மாணவிகள் ஆட்டம், கிறிஸ்துமஸுக்கு மறுவாரம் எப்போதும் நடப்பது. இத்தனை வருடமும் ஏதாவது சொல்லித் தப்பித்தேன். இந்த முறை நானே பெயர் கொடுத்தேன். நாற்பது வயதில் அரைக்கால் சட்டை.

நடையில் என் படத்தின் முன் நின்றேன். நான் பந்தோடு எழும்புகிறேன். ஓரத்தில் சட்டத்தையொட்டி ஒரு முழங்கை மட்டும் இருக்கிறது. அது யாருடையது என்று இன்றுதான் யோசித்தேன்.

மூத்தவர்கள் ஒரு பக்கம், இளையவர்கள் ஒரு பக்கம். விசில் அடித்ததும் ஜோலீன் நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"டெனிஸ் கோச் உங்களத்தான் குடுத்திருக்காங்க," என்றாள். "ஸாரி."

பதினெட்டு நிமிடம் ஆடினேன். வலப்பக்கம் வெட்டினேன், அவள் இருந்தாள். திரும்பினேன், இருந்தாள். "இங்க, இங்க" என்று கத்தினேன். டெனிஸ் பந்தைத் தூக்கி என்னைப் பார்ப்பாள், அப்புறம் வேறு பக்கம் கொடுத்துவிடுவாள். என் அணியில்தான் அவள் ஆடினாள். சிரித்துக்கொண்டே வேறு பக்கம் கொடுத்தாள்.

முடிந்ததும் ஜோலீன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எனக்குப் பேச மூச்சில்லை, இருந்தும் சொன்னேன்.

"உனக்கு நாலு போட்டது நான்தான். தடுப்பாட்டத்துக்கு."

"தெரியும் கோச்."

"எப்பத்துலேருந்து?"

"ஜனவரிலேருந்தே. பதினஞ்சுன்னு டெனிஸ் கோச் சொல்லிட்டாங்க." பாட்டிலை வாங்கி மூடிபோட்டாள். "நாளைக்கு ஏழரைக்கு கிளினிக் தெறக்கணும். வரேன்."

அவ்வளவுதான்.

டிசம்பர் 31, சனி

அந்த ஆட்டத்தின் டிஸ்க் தபாலில் வந்தது. அதே அப்பா, அதே பாப்கார்ன்.

முழுவதும் பார்த்தேன். நான் நாலு இடத்தில் வருகிறேன். மூன்று, பந்து என் கைக்கு வந்தபோது. ஒன்று, மூச்சு வாங்க ஓரத்துக்குப் போனபோது. மற்றபடி நான் இல்லை. ஜோலீனும் இல்லை.

ஜனவரித் தாள் கோப்பில்தான் இருந்தது. நாலை அடித்துவிட்டுப் பத்து போடப் பேனாவைத் திறந்தேன். யாருக்கு அனுப்ப? மூடி வைத்துவிட்டேன்.

மேசைமேல் அடுத்த வருடத்துக்கான பெண்ணின் டிஸ்க் இருக்கிறது. உறையைப் பிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆட்டம், இங்கிருந்து மூன்று மணி நேரம். திங்களிலிருந்து பனி கொட்டும் என்கிறார்கள். காரில் மண்வெட்டியை இப்போதே போட்டுவிட்டேன்.