சந்தைக் கொட்டகையில் பூக் காயப்போடுதல்

அனுப்புநர்:
மீராலெப்பை கச்சிமுகம்மது,
பள்ளிவாசல் பின்வீதி,
ஆவாரஞ்சேனை,
கல்முனை வழி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை அலுவலகம்,
ஆவாரஞ்சேனை.

பொருள்: வாரச் சந்தைக் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்த பூக்கள் குப்பையென்று அள்ளப்பட்டமை பற்றியும், அங்கே தொடர்ந்து பூக் காயப்போட அனுமதி கேட்டும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் ஆவாரஞ்சேனையில் பிறந்து, சாகாமத்து வயல் வட்டைகளில் காணிக்காரப் போடியார்மாரின் வேளாண்மையில் வேலை செய்து, நெல் காயப்போட்டு, எழுபது வயதைத் தாண்டியவன். இந்த மனுவை நானே எழுதுகிறேன். மகளிடமோ மௌலவியிடமோ சொல்லி எழுதுவிக்கவில்லை. சென்ற வருடம்வரை எனக்கு எழுத்துத் தெரியாது. சனிக்கிழமைகளில் பாலர் பாடசாலைக் கட்டடத்தில் அஸ்பியா ரீச்சர் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில், பிள்ளைகளின் குட்டைக் கதிரையில் இருந்து படித்துக்கொண்டேன். ஆகையால் வரிகள் சில இடங்களில் மேலேறியும் சில இடங்களில் கீழிறங்கியும் இருக்கும். சொல்ல வந்த விடயம் நேராகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

2. என் மகள் ஸம்ஸியா எங்கள் வீட்டில் சவர்க்காரம் செய்கிறாள். தேங்காய் எண்ணெயும் எரிசோடாக் கரைசலும் சேர்ந்து இறுகி வரும் பதத்தில் காய்ந்த பூவையும் இலையையும் போட்டு, அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, பல கிழமைகள் தட்டில் ஆறவிட்டுத்தான் வெளியே கொடுப்பாள். முகத்துக்குப் பூசும் தூளும் தலைக்குத் தேய்க்கும் தூளும் அவளுடைய கைவேலையே. ஆவாரம்பூ எங்கள் மணலில் தானாகவே பூக்கிறது. ஊரின் பெயரே அதனால் வந்தது. செவ்வரத்தம்பூ அயல்வீட்டு வேலிகளில் இருந்து வரும். மருதோன்றி எங்கள் முற்றத்தில் நிற்கிறது. தாமரை இதழை, நான் முன்பு வேலை செய்த போடியாரின் மகன் சாகாமத்துக் குளத்தில் இருந்து உரப்பையில் கட்டி அனுப்புவார்.

நிந்தவூர்க் கலியாண வீடுகளில், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொண்டுபோகும் தட்டத்தில், முன்பு வெளிநாட்டு வாசனைச் சவர்க்காரம் இருந்த இடத்தில் இப்போது எங்கள் ஆவாரம்பூச் சவர்க்காரம் இருக்கிறது. கல்முனைக் கடைகளிலும் இருக்கிறது. அதன் உறையில் எங்கள் ஊரின் பெயர் அச்சடிக்கப்பட்டுள்ளது. அச்செழுத்தில் ஆவாரஞ்சேனை என்று நான் முதன்முதலில் வாசித்தது அந்த உறையில்தான். பஸ்களின் பெயர்ப்பலகையில் எங்கள் ஊர் இன்னும் ஏறவில்லை என்பது தாங்கள் அறிந்ததே.

3. இந்த வேலையில் பூக்களையும் இலைகளையும் காயவைப்பது என் பொறுப்பு. இதை நான் பெருமையோடு அறியத் தருகின்றேன். தொடக்கத்தில் எனக்குத் தெரிந்தது நெல் மட்டுமே. செவ்வரத்தம்பூவை நல்ல வெயிலில் பரப்பி, நெல்லுக்குச் செய்வதுபோலக் காலால் சால் பிடித்துக் கிளறி நடந்தேன். பின்னேர அஸர் தொழுகைக்குள் சிவப்பெல்லாம் போய்ச் சாம்பல் நிறத்துச் சருகு மிஞ்சியது. “வாப்பா, இது நெல்லா? காலால உழக்கிப்போட்டு நிக்கிறீங்களே” என்று மகள் தலையில் கை வைத்தாள். “அந்தக் கால் சும்மா இரிக்குமா புள்ள, கலியாண வீட்டுப் பாயில சோறு கொட்டுண்டாலும் கிளறிவிட்டுத்தான் வரும்” என்று என் மனைவி ஆமினா உம்மா சொன்னார்.

அதன் பின் படிப்படியாகப் பழகிக்கொண்டேன். பூவுக்கு வெயில் ஆகாது; நிழலும் காற்றும் வேண்டும். பன்பாயில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, சுளகால் மெதுவாகத் திருப்ப வேண்டும். ஈரம் மிஞ்சினால் தூளில் பூஞ்சணம் பிடிக்கும், சவர்க்காரத்தில் கறை விழும். நெல்லின் பதத்தை நாங்கள் பல்லில் கடித்துப் பார்ப்போம். பழக்கத்தினால் பூவையும் கடித்துப் பார்க்கிறேன். பப்படம்போல் நொறுங்கினால் சரி. ஆவாரம்பூ சற்றுத் துவர்க்கும், வேப்பிலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இன்றுவரை எனது பூவில் பூஞ்சணம் கண்டதாக ஒரு வீட்டில் இருந்தும் முறைப்பாடு வந்ததில்லை.

4. நான் எழுத்துப் படித்ததும் இந்த வேலையினால்தான். பொடியான பின் வேப்பிலையும் மருதோன்றியும் ஒரே பச்சையாக இருக்கும். மகள் போத்தல்களில் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். எனக்கு அப்போது அது வெறும் மை. ஒருநாள், தடிமன் பிடித்து மணமும் தெரியாமல் இருந்த வேளையில், முகத்தூளுக்கு வேப்பிலை என்று மருதோன்றியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதைப் பன்னீரில் குழைத்து முதலில் பூசிப் பார்த்தவர் என் மனைவி. அடுத்த நாள் அவருடைய தம்பி மகளின் கலியாணம். அவர் கன்னம் இரண்டும் மணப்பெண்ணின் உள்ளங்கை நிறத்தில் அந்தக் கலியாணத்துக்குப் போய் வந்தார். வந்ததும், “பொண்ணுட கைக்குத்தான் மருதோண்டி போடுவாங்க, இங்க பொண்ணுட மாமிட மூஞ்சிக்கும் போட்டிரிக்கு எண்டு ஊரே சிரிக்கிது. ஒண்டில் எழுத்துப் படிங்க, இல்லாட்டி இனி போத்தலுக்குக் கிட்ட வராதீங்க” என்றார். அந்தச் சனிக்கிழமையே வகுப்பில் சேர்ந்தேன். எழுதப் பழகிய முதற் சொற்கள் வேம்பு, மருதோன்றி, தாமரை. இப்போது எங்கள் வீட்டுப் போத்தல்கள் எல்லாவற்றிலும் இருப்பது என் எழுத்து.

5. எங்கள் முற்றம் சிறியது. கடலுக்கு அண்மையில் உள்ளது. உப்புக் காற்றில் காய்ந்த பூவும் மாலையில் மீண்டும் நமுத்துவிடும், மணலும் ஏறும். தங்கள் சபைக்குரிய வாரச் சந்தைக் கொட்டகையோ, ஊரின் மேற்குப் பக்கத்தில், மேலே கூரையும் கீழே சீமெந்துத் தரையும் நாலு பக்கமும் காற்றுமாக இருக்கிறது. வியாழக்கிழமை தவிர மற்ற நாட்களில் அங்கே ஆடுகள்தான் படுக்கும். சந்தைக் காவலாளி ஜனாப் முத்தலிப் அவர்களிடம் சொல்லி, இவ்வருடத் தொடக்கத்தில் இருந்து அங்கே பாய் விரித்துப் பூக் காயப்போட்டு வந்தோம். புதன்கிழமை மாலையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தரையைக் கூட்டிக் கொடுப்போம். ஆட்டுப் புழுக்கை இல்லாத சந்தையை வியாபாரிகள் அப்போதுதான் கண்டார்கள்.

6. சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, நான் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்த நேரம், சபையின் குப்பை அள்ளும் உழவு இயந்திரம் வந்தது. திரும்பி வந்து பார்த்தபோது பாய்கள் மட்டும் மடித்துத் தூணோரம் வைக்கப்பட்டிருந்தன. மாரிக்கு முன் சவர்க்காரம் செய்வதற்கென்று காயவைத்த தாமரை இதழும் ஆவாரம்பூவும் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மீன் செதிலோடும் வாழை மட்டையோடும் கிடந்தன. நான் ஓடிப்போய்க் கேட்டபோது, ஜவாத் என்னும் ஊழியர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னை அண்ணன் முறை வைத்து, “காக்கா, அல்லாஹ் அறிய, குப்ப எண்டுதான் நினைச்சம். காஞ்ச பூவுக்கும் ஒரு ஆள் சொந்தக்காரன் இரிப்பான் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். பிறகு கையை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இந்தப் பெட்டி மணக்குறத்த இண்டைக்குத்தான் காணுறன்” என்றார். உழவு இயந்திரம் பிரதான வீதியால் போனபோது, யாருடைய கலியாணம் போகிறது என்று கடைக்காரர்கள் எட்டிப் பார்த்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

அந்த ஊழியர்மீது எனக்கு முறைப்பாடு இல்லை. பாயை மடித்து வைத்த மனிதர் அவர். அவரை விசாரணைக்கு அழைக்க வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

7. எனது முறைப்பாடு அதற்கு அடுத்த கிழமை நடந்ததைப் பற்றியது. கொட்டகையின் முன் தூணில் சபை ஒரு பலகை நாட்டியது. “இக்கொட்டகையினுள் எப்பொருளையும் உலர்த்துதல் தடைசெய்யப்பட்டுள்ளது. மீறுவோர்மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.” இதை எவரும் எனக்கு வாசித்துச் சொல்லவில்லை. நானே நின்று வாசித்தேன். ‘தடைசெய்யப்பட்டுள்ளது’ என்ற சொல்லில் சற்றுத் தாமதித்தேன்; ஆனால் கடந்துவிட்டேன். முடிந்ததும் மறுபடி தொடக்கத்தில் இருந்து வாசித்தேன். அரசாங்கப் பலகை ஒன்றை வாழ்நாளில் முதற்தடவையாக முழுவதும் வாசித்த சந்தோசத்தில், அது என்னைத்தான் தடுக்கிறது என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் மனதில் ஏறியது. மனைவியிடம் சொன்னேன். “நல்ல சங்கதி. இம்புட்டுக் காலம் கழிச்சுப் படிச்சீங்க, படிச்ச மனிசனுக்குக் கவுண்மேந்து முதல் முதல் எழுதினதே ‘எழும்பிப் போ’ எண்டா?” என்றார்.

8. ஐயா, இதனால் எங்களுக்கு ஏற்பட்டுள்ள நிலை வருமாறு. ஐப்பசி பிறந்தால் மாரி தொடங்கிவிடும். பிறகு எதுவும் காயாது. சவர்க்காரம் ஆறுவதற்குப் பல கிழமைகள் வேண்டும் என்பதால், இப்போது பூக் காய்ந்தால்தான் மாரிக்குப் பின் வரும் கலியாணங்களுக்குச் சவர்க்காரம் கிடைக்கும். இடம் இல்லாத காரணத்தால், கொழும்பில் இருந்து பையில் வரும் காய்ந்த ரோசாவை வாங்கிச் சமாளிப்போம் என்று மகள் யோசிக்கிறாள். அவள் சொல்வதில் பிழை இல்லை. அப்படிச் செய்தால் சவர்க்காரம் இருக்கும். ஆனால் எங்கோ பூத்து எவரோ காயவைத்த பூவின் மேல் எங்கள் ஊரின் பெயரை எப்படி அச்சடிப்பது? எனக்கும் வேலை இராது. வயலில் இருந்து நின்றபின் சும்மா இருந்த வருடங்களை நான் அறிவேன். அதற்குத் திரும்பிப் போக எனக்கு விருப்பம் இல்லை.

9. ஆகையால் தங்களிடம் நான் கேட்பது இது. அந்தப் பலகையைக் கழற்ற வேண்டாம். கருவாடும் மிளகாயும் நெல்லும் அங்கே பரப்பினால் சந்தைக்கு இடைஞ்சல் என்பது எனக்கும் தெரியும். சபை அதைத் தடுத்தது நியாயமே. அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துத் தந்தால் போதும்: “சந்தை நாள் தவிர்ந்த ஏனைய நாட்களில் பூவும் இலையும் உலர்த்தலாம்.” பலகையில் கீழ்ப்பக்கம் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இருந்து, பாய் இல்லாமல் தரையில் எதையும் போடமாட்டோம். புதன் மாலைக்குள் கொட்டகையைக் கூட்டி ஒப்படைப்போம். தூணுக்குத் தூண் கயிறு கட்டி, “பூக் காய்கிறது. குப்பை அல்ல” என்று நானே அட்டையில் எழுதித் தொங்கவிடுவேன். தொழுகைக்குப் போகும் நேரத்தில் ஆமினா உம்மா வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார், முகத்தூள் விடயத்தை இனி ஊரில் கதைக்கமாட்டேன் என்று நான் ஒப்புக்கொண்டால். இம்மனுவில் எழுதியது அந்த ஒப்பந்தத்துக்கு முந்தியது.

10. தாங்கள் நேரில் வந்து பார்த்தால் மிகவும் சந்தோசப்படுவேன். வீட்டில் ஒரு பாய் நிறைய மருதோன்றி இலை மட்டும் காய்ந்திருக்கிறது. ஒரு இலையைக் காதருகில் வைத்து நொறுக்கிப் பார்க்கலாம். இம்மனுவோடு சவர்க்காரம் எதையும் இணைக்கவில்லை. இலஞ்சம் என்று எடுக்கக்கூடும் என மகள் எச்சரித்தாள். ஆனாலும் இந்தக் கடதாசி மணக்குமானால் பொறுத்துக்கொள்ளவும். எழுதும் மேசையும் பூ வைக்கும் மேசையும் எங்கள் வீட்டில் ஒன்றுதான்.

11. இறுதியாக ஒரு விண்ணப்பம். அந்த ஒரு வரிக்கு அனுமதி கிடைத்தால், அதைப் பலகையில் எழுதும் வேலையை எனக்குத் தர வேண்டும். கூலி வேண்டாம். தூரிகையும் நானே கொண்டு வருவேன். என் எழுத்துப் பெரியது. வீதியில் போகும் உழவு இயந்திரத்தில் இருந்தே வாசிக்கலாம். மாரிக்கு முன் நல்ல பதில் தருவீர்கள் என்று எதிர்பார்த்திருக்கிறேன். பதிலைத் தபாலிலேயே அனுப்பலாம். வாசிப்பதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்க்கும்,

(கையொப்பம்) மீ. கச்சிமுகம்மது

இடம்: ஆவாரஞ்சேனை
திகதி: 22.09.2025

பிரதி: ஜனாப் முத்தலிப், சந்தைக் காவலாளி. அவருக்கு எழுத்துத் தெரியாத காரணத்தால் நானே முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வரும் சனிக்கிழமை அவரும் வகுப்புக்கு வருகிறார்.