இரண்டாவது பித்தான்

என்னங்க,

குளிர்காயக் கணப்பு கட்டி முடிந்துவிட்டது. நீங்கள் தேர்ந்தெடுத்த கற்கள் முழுசாகத்தான் வந்தன. கொத்தனார் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து அடுக்கி, புகைபோக்கியைக் கூரைக்கு மேலே ஏற்றிவிட்டார். புகை வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கணப்பின் மேல்பலகை எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்டார். எதிலாவது கையூன்றாமல் உங்களுக்குப் பேச வராதே, அதனால் உங்கள் உயரத்துக்குத்தான் என்றேன். “ஆளு இல்லாம எப்படிம்மா அளக்குறது?” என்றார். உங்கள் நீலச் சட்டையை எடுத்து வந்து, இரண்டாவது பித்தானை என் நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். சாய்ந்து சாய்ந்து பழகிய அளவு, எனக்குத் தப்பாது. “சட்டைக்கா கணப்பு கட்டுறோம்?” என்று சிரித்துக்கொண்டே பித்தானுக்கு நேராகக் கோடு போட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

சாந்து காயும்வரை சுள்ளி போட்டுச் சின்ன நெருப்புதான் மூட்ட வேண்டுமாம், அவசரப்பட்டால் வெடித்துவிடுமாம். காய்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. நான் இன்னும் சுள்ளிதான் போடுகிறேன். பெரிய கட்டையை நீங்கள் வந்து போடுங்கள். எப்போது என்று கேட்கவில்லை; கேட்டால் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டிவரும்.

ஒரு தப்பு மட்டும் நடந்துவிட்டது. நெருப்பைக் கிளறிவிட்டு நிமிரும்போதெல்லாம் பலகை என் நெற்றியில் இடிக்கிறது. இறக்கி வைக்கட்டுமா என்று கொத்தனார் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். சில நேரம் நானே போய் நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டு நிற்கிறேன். கதகதப்பாகத்தான் இருக்கிறது. பித்தான்தான் இல்லை.

உங்கள்
வீட்டுக்காரி